ஆறு கொண்டுபோகாத ஊர்

அல்லியாறு அந்த ஐப்பசியில் கரைபுரண்டு வந்தது. நாணலூரைச் சுற்றிக்கொண்டு மூன்று நாள் நின்றது. பிறகு ஒரு கோழிக்குஞ்சைக்கூடத் தொடாமல் வடிந்துபோனது. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. ஒரே ஒருவருக்கு மட்டும் இதனால் பெரிய ஆபத்து வந்து சேர்ந்தது.

அவர் வீழிநாதர். மன்னர் சுந்தரவேளின் அவையில் விகடர். தொந்தி பெரிது, நாக்கு அதைவிடப் பெரிது.

போன வருஷம் இதே ஆறு நாணலூரில் நாற்பது வீடுகளையும் ஏழு உயிர்களையும் வாரிக்கொண்டு போயிருந்தது. மன்னர் வழக்கம்போல் அரிசியும் வேட்டியும் அனுப்பினார்.

"வெள்ளம் போன பிறகு வேட்டி கொடுக்கிறோமே மகாராஜா, வருவதற்கு முன்னால் ஏதாவது கொடுத்தால் என்ன?" என்று அப்போது கேட்டார் வீழிநாதர். "இழவு வீட்டுக்குக் கோடித்துணி கொண்டுபோவது போலவே எத்தனை வருஷம் போவது?"

மன்னருக்குச் சுருக்கென்றது. ஐயாயிரம் பொன்னை நாணலூர் ஊர்ச்சபையிடமே கொடுத்துவிட்டார். சபையார் கூடிப் பேசினார்கள். தாழ்வில் இருந்த வீடுகளைப் பிரித்து மேட்டில் கட்டினார்கள். தூர்ந்துபோன வடிகாலை வெட்டினார்கள். பழைய இடத்தை மேய்ச்சலுக்கு விட்டார்கள். ஆறு வந்தால் அங்கே காலை நீட்டிப் படுத்துக்கொள்ளட்டும் என்று.

கருவூல அமைச்சர் அழகியநம்பிக்கு அன்றே வயிறு எரிந்தது. "பொன் வீணானால் விகடர் நாட்டைவிட்டே போகவேண்டும்" என்று ஒரு நிபந்தனையையும் எழுதி வைத்திருந்தார்.

இப்போது அவர் அவையில் எழுந்தார்.

"மகாராஜா, நாணலூரில் ஒரு வீடு விழவில்லை. ஓர் ஆடு சாகவில்லை. வெள்ளம் இவ்வளவுதான்! ஐயாயிரம் பொன்னும் வீண்."

"விழாததற்குக் காரணமே அந்தப் பொன்தானே ஐயா!" என்றார் வீழிநாதர்.

"சாட்சி? விழுந்த வீட்டைக் காட்டலாம். விழ இருந்து விழாத வீட்டை எப்படிக் காட்டுவீர்?"

மன்னர் மீசையைத் தடவினார். விகடரை அவருக்குப் பிடிக்கும். ஆனால் கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

"வீழிநாதரே, அந்தப் பொன்னால் எதைக் காப்பாற்றினீரோ, அதை நாளைக் காலை இந்த அவையில் கொண்டுவந்து என் கண்ணுக்குக் காட்டும். ஒன்றுகூடக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டிவிடும்!"

வீழிநாதர் மத்தியானச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வண்டி கட்டிக்கொண்டு நாணலூருக்கே போனார். பழைய குடியிருப்பில் ஒரு வேப்பமரம் நின்றது. வெள்ளம் நின்ற உயரம் வரை அதில் சேறு அப்பியிருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தார். எட்டவில்லை.

மேட்டில் ஊர்ச்சபைத் தலைவி பேச்சியம்மை ஓர் ஆட்டைத் திட்டிக்கொண்டிருந்தாள். வீழிநாதர் அவளையே பார்த்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"அம்மா, நாளைக் காலை ஊரே அரண்மனைக்கு வரவேண்டும்."

"ஊரேன்னா? எங்க மாமியாருமா?"

"மாமியாரும்தான்."

"இந்தச் சனியன் பிடிச்ச ஆடு?"

"அது முக்கியமாக!"

மறுநாள் அவையில் மூச்சுவிட இடமில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இடுப்பில் பிள்ளைகள், தலையில் நெல் மூட்டைகள், கூடையில் கோழிகள். பேச்சியம்மையின் ஆடு நேரே போய் அமைச்சரின் உத்தரீயத்தை மெல்ல ஆரம்பித்தது. நெரிசலில் யாரோ ஒருத்தி, "செத்த நேரம் பிடிச்சுக்குங்க சாமி" என்று தன் கைக்குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டாள்.

"இதென்ன சந்தையா?" என்று கத்தினார் அழகியநம்பி.

"ஒன்றுகூடக் குறையக் கூடாது என்பது உத்தரவு" என்றார் வீழிநாதர். "மகாராஜா, இவர்கள் பழைய இடத்திலேயே இருந்திருந்தால், இவர்கள் தலைக்கு மேல், என் கைக்கும் எட்டாத உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கும். காப்பாற்றியது இதைத்தான். கொண்டுவந்துவிட்டேன்."

"பொய்!" என்று துள்ளினார் அமைச்சர். "ஊர் முழுவதையுமா ஆறு கொண்டுபோயிருக்கும்? பத்துப் பேர் போயிருப்பார்கள். மிஞ்சினால் இருபது!"



வீழிநாதர் பணிவாகக் கும்பிட்டார். "இருக்கலாம் ஐயா. அந்த இருபது பேர் யார் யார் என்று தாங்களே கையைக் காட்டிவிடுங்கள். மற்றவர்களை இப்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்."

அமைச்சர் வேகமாகக் கையைத் தூக்கினார். முந்நூறு முகங்களும் அவரையே பார்த்தன.

"காட்டுங்க சாமி, பார்ப்போம்" என்றாள் பேச்சியம்மை.

தூக்கிய விரல் காற்றில் அலைந்தது. ஒருவர் மேலும் நிற்கவில்லை. மெல்லக் கீழே இறங்கியது. மடியிலிருந்த குழந்தை அதை எட்டிப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. அழகியநம்பிக்குக் கண் கலங்கியதை வீழிநாதர் பார்த்தார். பார்க்காதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். வந்தவர்களுக்கெல்லாம் விருந்து போடச் சொன்னார். வீழிநாதருக்குத் தம் கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றிக் கொடுத்தார். ஆற்றோரம் மிச்சமிருந்த ஏழு ஊர்ச்சபைகளுக்கும் இதேபோல் பொன் கொடுக்க ஓலை எழுதச் சொல்லி, அமைச்சரிடம் நீட்டினார்.

அமைச்சர் முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினார். "ஒரு சந்தேகம்... இவ்வளவும் செலவழித்த பிறகு, அடுத்த வருஷம் வெள்ளமே வராவிட்டால்?"

"வராவிட்டால் என்ன?" என்றார் வீழிநாதர். "அமைச்சர் பெருமானின் முத்திரையைப் பார்த்துப் பயந்து ஆறு திரும்பிப் போய்விட்டது என்று நாடு முழுக்கத் தண்டோரா போட்டுவிடுகிறேன்."

அழகியநம்பி அவரை ஒரு தரம் பார்த்தார். ஓலையை ஒரு தரம் பார்த்தார்.

"தலைநகரிலும் போடுவீரா?" என்று கேட்டுக்கொண்டே அழுத்திக் குத்தினார் முத்திரையை.