மாப்பிள்ளைக்காக ஆற்றிய பீர்

"பையனைக் கண் சிமிட்டாமப் பாருங்க. எதைக் கொடுத்தாலும் ஆத்திக் குடிங்க. அப்புறம்…"

சிறுதணக்கன்பட்டிப் பெரியவர் நல்லமுத்து பஸ் ஸ்டாப்பில் நின்று பேசிய பேச்சில் பஸ் ஏறிய மூவருக்கும் இவ்வளவுதான் காதில் விழுந்தது. மூன்றாவதாகச் சொன்னதை பஸ் ஹாரன் விழுங்கிவிட்டது.

விஷயம் சின்னதல்ல. அவர் மகள் செங்கமலம் இளம்பரிதி என்ற பையனை விரும்பினாள். அவனுக்குக் குளிர்க்காடு என்ற மலையூரில் வேலை. அந்த வேலைதான் இடித்தது: அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் கடையில் அவன்தான் காய்ச்சுகிறவன்.

"அவன் குடிச்சான்னா கல்யாணம் கிடையாது. பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்று தன் பங்காளிகள் மூவரைப் பெரியவர் அனுப்பினார். கொண்டப்பன், பிச்சாண்டி, ஊமையன். மூன்றாமவருக்குப் பேர்தான் ஊமையன். ஊரே நாற்று நட்டுக்கொண்டிருந்தது. இவர்களை மட்டும் யாரும் வயலில் இறங்க விடுவதில்லை.

"வாங்க மாமா, வாங்க!" என்று இளம்பரிதி கடை வாசலுக்கே ஓடி வந்தான். மூவரும் கண் சிமிட்டாமல் அவனையே முறைத்தார்கள். கண்ணில் நீர் கொட்டியது.

"ஏன் மாமா அழறீங்க?"

"அழலை மாப்ளே. பார்க்கிறோம்" என்றார் கொண்டப்பன்.

பிச்சாண்டிக்குத் தாங்கவில்லை. "அண்ணே, எனக்குச் சிமிட்டணும் போல இருக்கு."

"பொறுடா. ரெண்டு பேரு பார்க்கிறப்ப ஒருத்தன் சிமிட்டுவோம். மூத்தவன் நான், எனக்குத்தான் முதல்ல."

"அவசரம் எனக்குத்தானே?"

இந்த வாக்குவாதத்தில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிமிட்டிவிட்டார்கள்.

"போச்சு! அதுக்குள்ள குடிச்சிருப்பான்" என்று தலையில் கைவைத்தார் ஊமையன். "மாப்ளே, வாயை ஊது."

ஊதினான். ஏலக்காய் வாசம் வந்தது.

"டீ குடிச்சேன் மாமா."

"டீயைச் சொல்றான். ஏலக்காயை மறைக்கிறான், பார்த்தீங்களா?"

அதற்குள் கடை முதலாளி திரேசம்மா, "பொண்ணு வீட்டுக்காரங்க வெறும் வாயோட போகலாமா?" என்று மூன்று பெரிய கண்ணாடிக் குவளைகளில் பீரைக் கொண்டுவந்து வைத்தார்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். அடியிலிருந்து முத்து முத்தாகக் குமிழ் கிளம்பிக்கொண்டிருந்தது.

"கொதிக்குதுடா!"

"தொட்டா ஜில்லுனு இருக்கேண்ணே?"

கொண்டப்பன் சற்று யோசித்தார். "இது மலை. கீழே கொதிச்சா சுடும். மேலே கொதிச்சா குளிரும்."

"அப்ப ஆத்தணும்."

கொண்டப்பன் ஊர் விசேஷங்களில் காப்பி ஆற்றிப் பேர் வாங்கியவர். ஒரு குவளையைத் தலைக்கு மேல் தூக்கி, இடுப்புக்குக் கீழே பிடித்த இன்னொன்றில் இறக்கினார். நுரை பொங்கி வழிந்தது.

"பாரு, இன்னும் பொங்குது! வேற ஏனம் கொண்டா."

ஜக்கு வந்தது, அண்டா வந்தது, மேசையிலிருந்த பூச்சாடியும் வந்தது. பீப்பாய்க் குழாயைத் திறந்துவைத்தவர் ஊமையன். வாடிக்கையாளர்கள் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

"மாமா, அதை ஆத்தக் கூடாது மாமா!"

"வாயி வெந்துரும் மாப்ளே. பெரியவர் வாக்கு. நீயும் ஒரு கை பிடி."

இளம்பரிதி செங்கமலத்தை நினைத்துக்கொண்டான். ஒரு வாளியை எடுத்து ஆற்றத் தொடங்கினான்.

சாயங்காலத்துக்குள் பீப்பாய் காலி. நுரையும் அடங்கி, தரைதான் மினுமினுத்தது.

"ஆறிடுச்சு" என்றார் கொண்டப்பன், திருப்தியாக.

"குடிக்க ஒண்ணுமில்லையேண்ணே?"

"நல்லா ஆறினா அப்படித்தான்."

திரேசம்மா மட்டும் நாற்காலியில் சாய்ந்து, "தம்பி, ஒளிச்சு வச்ச பாட்டில் ஒண்ணு இருக்கு. நீ பட்ட பாட்டுக்கு ஒரு வாய் போட்டுக்க" என்றார்.

"நான் குடிக்கிறதில்லையேம்மா" என்று இளம்பரிதி தரையைத் துடைத்தான். பங்காளிகள் இதைக் கேட்கவில்லை. அடுத்து யார் சிமிட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் பெரியவர் கேட்டார்: "குடிச்சானா?"

"இல்லண்ணே. குடிக்க அங்கே ஒரு சொட்டு இல்லை."

"பீர்க் கடையிலயா?"

"எல்லாத்தையும் ஆத்திட்டோம். மாப்பிள்ளையும் கூடவே நின்னு ஆத்தினாரு."

"உங்களோடயா? கோவப்படாமலா?"

"கடைசி வரைக்கும் மாமா மாமான்னுதான் கூப்பிட்டாரு. நீங்க மூணாவதாச் சொன்னதுதான் கேட்கலைண்ணே."

"எதையும் கொட்டிட்டு வராதீங்கன்னு சொன்னேன்."

பெரியவர் வெகுநேரம் அந்த மூன்று பேரையும் பார்த்தார், கண் சிமிட்டாமல்.

வைகாசியில் கல்யாணம் என்று முடிவு செய்தார். சீர்வரிசையோடு பங்காளிகள் மூவரையும் மலைக்கே அனுப்பிவிடுவது என்றும் முடிவு செய்தார்.