நாக்கில் ஒட்டும் எலும்பு

அந்தக் காலத்தில் உயிரோடிருந்த விலங்குகள் மட்டுமல்ல, செத்துப்போன விலங்குகளின் எலும்புகளும் பேசின. அதற்காக எந்நேரமும் தொணதொணவென்று பேசிக்கொண்டிருக்கவில்லை. ஒரு விலங்கு செத்தால், அதன் எலும்புகளில் எது முதலில் யார் கையிலாவது எடுபடுகிறதோ, அது ஒரே ஒரு தடவை பேசும். தான் யார் என்று சொல்லும். அதோடு சரி.

மண்ணிலிருந்து எலும்பை எடுக்கக் கை வேண்டுமே. குளம்பையும் நகத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் அந்த வேலை மனிதர்களிடம் வந்து சேர்ந்தது. முள்ளுக்காட்டின் நடுவே ஓடிய ஓடைக்கரையில் குடியிருந்த மருதாயி அதைச் செய்துவந்தாள். மழைத் தண்ணீர் வடிந்ததும் ஓடையில் இறங்குவாள். மண் அரித்த இடங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புகளை எடுத்துக் காதருகே பிடித்துக்கொள்வாள். முயல் எலும்பு பேரைச் சொல்லி முடித்ததே தெரியாது, அவ்வளவு அவசரம். எருமையின் இடுப்பெலும்பு பாட்டன் முப்பாட்டன் பெருமையெல்லாம் பேசிவிட்டுத்தான் தன் பேருக்கு வரும். ஆமை எலும்பை எடுத்துவிட்டால், அன்றைக்கு அவள் அடுப்பு பற்றவைத்த மாதிரிதான்.

கேட்ட பேரை மருதாயி உறவுக்காரர்களிடம் போய்ச் சொல்வாள். தாய் வந்து அந்த எலும்பை ஒரு தடவை நக்கிக்கொடுக்கும். பிறந்த ஈரத்தைத் துடைத்த நாக்கு கடைசியாக ஒரு தடவை நக்கினால் துக்கம் தீர்ந்தது என்பது வழக்கம். அதற்குப் பிறகு எலும்பு மண்ணோடு மண்ணாகிவிடும். தாயும் அழுதபடியே மேயப் போகும்.

ஓர் ஐப்பசியில் ஓடை கரையை மீறி வந்தது. செவலை என்கிற வெளிமானின் குட்டியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. துள்ளன் என்பது அவன் பேர். சின்னதிலேயே எலி வளையில் கால் வைத்து முன்னங்காலை ஒடித்துக்கொண்டவன். ஒடிந்தது கூடிவிட்டது, ஆனால் கூடிய இடத்தில் ஒரு முடிச்சு நின்றுவிட்டது. அந்தக் காலை லேசாக இழுத்துத்தான் நடப்பான். அதிலும் துள்ளல் குறையாது.

வெள்ளம் வடிந்த நாளிலிருந்து செவலை ஒவ்வொரு மாலையும் மருதாயியின் குடிசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, எம்புள்ள ஆப்புட்டானா?"

"இன்னும் இல்ல தாயி. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அதுவரை அது உண்மை. மார்கழியில் ஒரு நாள் காலை, ஓடை வளைவில் சுண்ணாம்பு மண்ணுக்குள்ளிருந்து மருதாயி ஒரு கால் எலும்பை உருவி எடுத்தாள். நடுவில் முடிச்சு. பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் காதருகே பிடித்தாள்.

"நான் துள்ளன். செவலை பெத்த புள்ள. அம்மாவ வரச் சொல்லு."

மருதாயி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, மாலையில் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடியே வீட்டுக்கு வந்தாள்.

மாலையில் செவலை நடந்து வரவில்லை, ஓடி வந்தாள்.

"அக்கா, தடம் பாத்தேன்க்கா! ஓட மண்ணுல குட்டித் தடம். ஒரு கால லேசா இழுத்து வெச்ச மாதிரி இருந்துச்சுக்கா. அவன்தான். எங்கேயோ வழி தப்பிட்டான். இன்னைக்குத்தான் ரெண்டு வாய் புல்லு உள்ள எறங்குச்சு."

எந்தக் குட்டியின் தடமோ. நொண்டுவதற்கு எந்தக் குட்டிக்குத்தான் முள் கிடைக்காது? ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு மருதாயிக்கு நாக்கு எழவில்லை. பேசாமல் இருந்திருந்தாலாவது பரவாயில்லை. மனிதப் பிறவி அல்லவா, ஆறுதல் சொல்லாமல் இருக்க முடியுமா?

"ஆமா தாயி, அவனாத்தான் இருக்கும். எங்கனாச்சும் உசுரோட இருப்பான்" என்று சொல்லிவிட்டாள்.

செவலை அவள் கையை நக்கிவிட்டுப் போனாள். மருதாயி அந்த எலும்பை ஒரு பழந்துணியில் சுற்றிக் கூரை இடுக்கில் செருகினாள். இன்னும் கொஞ்சம் தேறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த அப்புறம் வரவேயில்லை. ஒரு பொய்யை ஒரு மாலை சொன்னவள், அடுத்த மாலையும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று.

பங்குனியில் காடு காய்ந்தது. புல் தேடி வடக்கே போக மான் கூட்டம் கிளம்பியது. கூட்டத்தின் மூத்த கலைமான் செவலையைக் கூப்பிட்டுப் பார்த்தது.

"இங்க இருந்தா காஞ்சு செத்துருவ. வா, போயிரலாம்."

"செத்துட்டான்னு தெரிஞ்சா ஒரு தடவ நக்கிக் குடுத்துட்டு ஒங்க பின்னால வந்துருவேன்" என்றாள் செவலை. "உசுரோட இருக்கான்னு அக்கா சொல்லுதே. எப்படி விட்டுட்டு வர்றது?"

கூட்டம் போய்விட்டது. தூரத்தில் எழுந்த புழுதியை மருதாயி பார்த்தாள். அன்று மாலை செவலை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கூட்டத்தோடு போய்விட்டாள் போலிருக்கிறது, அப்பாடா என்றிருந்தது மருதாயிக்கு. எப்படியோ பிழைத்துக்கொண்டாள், நாம் சொல்லாமல் இருந்ததும் நல்லதாகப் போயிற்று என்று தன்னையே மெச்சிக்கொண்டு அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

செவலை அப்போது தடத்தைத் தேடி ஓடையின் கீழ்க்கோடி வரைக்கும் போயிருந்தாள். அங்கே தண்ணீர் இல்லை.

ஆடி கழிந்து முதல் மழை பெய்தது. மருதாயி வழக்கம்போல ஓடையில் இறங்கி, முன்பு போகாத தூரத்துக்குப் போனாள். வெள்ளை மண்ணில் ஒரு கீழ்த்தாடை எலும்பு கிடந்தது. மானின் தாடை, பல்லெல்லாம் தேய்ந்திருந்தது. எந்த மானோ பாவம் என்று கையில் எடுத்தாள்.

எலும்பு தன் பேரைச் சொல்லவில்லை. இருந்த ஒரே ஒரு பேச்சையும் இப்படிச் செலவழித்தது:

"அக்கா, எம்புள்ள ஆப்புட்டானா?"

மருதாயி ஓட்டமாக ஓடினாள். கூரையிலிருந்து துணிச்சுருளைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவிழ்த்தாள். "ஆப்புட்டான் தாயி, ஆப்புட்டான். இந்தா ஓம்புள்ள. நக்கிக் குடு" என்று கத்தியபடி, குட்டியின் கால் எலும்பைத் தாயின் தாடைக்குள் வைத்தாள். தாடையில் பல் இருந்தது. நாக்கு இல்லை.

அந்தச் சின்ன எலும்பு மார்கழியிலிருந்து காத்துக் கிடக்கிறது. மண்ணோடு மண்ணாகவும் முடியாமல், கைக்குக் கல் போலக் கனத்தது. மருதாயிக்கு வேறு வழி தெரியவில்லை. அதை எடுத்துத் தன் நாக்கில் வைத்தாள். வைத்த உடனே அது பிடித்துக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை. வந்திருப்பது அம்மா என்று நினைத்துக்கொண்டது. இல்லை என்று சொல்ல மருதாயியால் முடியவில்லை. சொல்ல வேண்டிய நாக்கைத்தான் அது பிடித்துக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து அதன் பிடி தளர்ந்ததும், அதை மெல்ல எடுத்துத் தாயின் தாடையோடு சேர்த்து மண்ணில் வைத்து மூடினாள். பக்கத்தில் இன்னொரு எலும்பு கிடந்தது. எடுத்துக் காதருகே பிடித்தாள். அது பேசவில்லை. அடுத்ததும் பேசவில்லை. நடந்ததையெல்லாம் ஓடை முழுக்க எலும்புகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. நம் பேரைச் சொன்னாலும் இந்த மனிதர்கள் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்க்கமாட்டார்கள் என்று அவை வாயை மூடிக்கொண்டன. தாயின் நாக்குக்காகக் காத்திருந்து காத்திருந்து கல்லாகியும் போயின.

இப்போது காட்டிலும் ஓடையிலும் எலும்பு தேடுகிறவர்கள் பல்லைப் பார்த்து, மூட்டைப் பார்த்து, ஒடிந்து கூடிய முடிச்சைப் பார்த்து, இது இன்ன விலங்கு என்று தாங்களாகவேதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கையில் இருப்பது கல்லா எலும்பா என்றே தெரியாதபோது மட்டும் நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கிறார்கள். கல்லென்றால் அது பாட்டுக்குக் கீழே விழுந்துவிடும். அன்று முதல்தான், எலும்பு என்றால், எத்தனை காலத்துப் பழசானாலும், அம்மா வந்துவிட்டாள் என்று நாக்கோடு ஒட்டிக்கொள்கிறது.