மாதுளை நெய்த போர்வை

வெண்ணியின் உலை அவிந்தபோது எழுந்த மெல்லிய ‘உஸ்’ ஓசை, யுகங்கள் கழிந்த பிறகும் மாதுளையின் காதைவிட்டுப் போகவில்லை.

அந்தக் காலத்தில் விண்மீன்கள் பேசிக்கொண்டிருந்தன. மாதுளையும் வெண்ணியும் அப்படி இரண்டு மீன்கள்; மாதுளை வெண்ணிக்கு மதினி முறை. கைகோத்துக் கும்மி சுற்றுவதுபோல் இருவரும் ஒருவரையொருவர் சுற்றிவந்தார்கள். மாதுளை சிவந்து பருத்தவள். வெண்ணியோ உலை அவிந்து, சுருங்கி, ஒரு கைப்பிடி வெண்மையாக நின்றாள். உள்ளே கரி இறுகிக் கிடந்தது. பழைய சூடுதான் வெளிச்சமாகக் கசிந்துகொண்டிருந்தது.

வானத்தில் ஒரு வழக்கம் உண்டு. உலை அவிந்தவளிடம் எரியக்கூடிய எதையும் யாரும் கொண்டுபோகக் கூடாது. அவள் தானாக ஆறி, தானாக இருட்டிப் போகவேண்டும். வெண்ணிக்கு அதில் வருத்தமில்லை. மாதுளைக்குத்தான் தாங்கவில்லை. இவளும் இருட்டிவிட்டால் இத்தனை பெரிய வெளியில் யார் முகத்தைப் பார்த்துச் சுற்றுவது?

தன் மேனியிலிருந்து மெல்லிய ஆவியை உரித்துப் போர்வை நெய்தாள். போர்வை எங்கேயாவது தீயாகுமா என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

“இதெல்லாம் எனக்கு எதுக்கு மதினி? உங்க இடுப்பு பெருத்துப்போச்சுன்னு என் தலையில கட்டுறீங்களா?” என்று வெண்ணி கேலி செய்தாள். ஆனாலும் உதறவில்லை. உதறினால் மதினியின் முகம் வாடிவிடும்.

சுற்றுக்குச் சுற்று மாதுளை ஒரு மடிப்பு சேர்க்க, போர்வை கனத்தது. கனக்கக் கனக்க வெண்ணி பருக்கவில்லை, இன்னும் சிறுத்தாள்.

“மதினி, போர்வை சுடுது,” என்றாள் ஒருநாள், மிக மெதுவாக.

“குளிர் விட்டிருக்கும், அவ்வளவுதான். இன்னும் ஒண்ணே ஒண்ணு, தாயி.”

அந்த ஒன்றையும் தோளில் இட்டாள் மாதுளை. போர்வையின் விளிம்பில் பற்றிய தீ, வெண்ணியின் மேனியைச் சுற்றி ஓடி, மறுபக்கம் தன்னையே வந்து முட்டியது. அந்த அதிர்வு உள்ளே இறங்கி, உறங்கிக் கிடந்த கரியைத் தட்டி எழுப்பியது. கொஞ்ச காலம் ஒரு விண்மீன் கூட்டமே சேர்ந்தாலும் வராத வெளிச்சம். பிறகு, கரி வெந்து இரும்பான தூள் மட்டும் மெல்லப் பறந்துகொண்டிருந்தது.

அவிந்த வெள்ளை விண்மீன்கள், துணை போர்த்திய போர்வையில் மேலே பற்றி உள்ளே வெடிப்பது அன்று தொடங்கியதுதான்.

கோத்திருந்த கை இல்லாமல் போனதும், சுற்றிய வேகத்திலேயே மாதுளை வெளியே வீசப்பட்டாள். இன்றும் அவள் யாரையும் சுற்றாமல், தனியே நேராக ஓடிக்கொண்டிருக்கிறாள்.