வெள்ளிக் கம்பியில் வந்த வீணை

முன்னொரு காலத்தில், தன் காதின் மேலேயே நம்பிக்கை இல்லாத ராஜா ஒருவர் இருந்தார். சித்திரமகுடர் என்று பெயர். சங்கீதம் என்றால் அவருக்கு உயிர். ஆனால் கச்சேரியில் அரை நாழிகை ஓரிடத்தில் உட்கார மாட்டார். வெற்றிலைத் தட்டுக்குக் கை நீட்டுவார். நடுவில் தளபதியைக் கூப்பிட்டு எல்லைச் சண்டை என்ன ஆயிற்று என்று விசாரிப்பார். எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்து, "என்ன இது, வீணை மங்கலாகக் கேட்கிறதே!" என்பார். ஆஸ்தான வீணை விதுஷி பத்மாசனி அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பார். வேறென்ன செய்வது?

இப்படி ஒரு ராஜா இருக்கிறார் என்று தெரிந்தால் வியாபாரி வராமல் இருப்பானா? வந்தான், மகரந்தன் என்று ஒருவன்.

"மகாராஜா! வீணையில் குறையில்லை, தங்கள் திருச்செவியிலும் குறையில்லை. நடுவில் இருக்கும் காற்றில்தான் குறை. சமையற்கட்டுப் புகையும் குதிரை லாயத்துத் தூசியும் கலந்த காற்றில் நாதம் வந்தால் மங்காமல் என்ன செய்யும்?"

ஒரு சந்தனப் பலகையை வைத்து, அதன் மேல் வீணையை வைக்கச் சொன்னான். பலகையில் முடுக்கிய வெள்ளிக் கம்பி ஒன்றைத் தரையோடு இழுத்துவந்து சிம்மாசனத்தின் காலில் கட்டினான். "இனி நாதம் காற்றைத் தொடாமல் கம்பி வழியே வரும். ஆனால் அது புறப்படும் இடத்தில் யார் கண்ணும் படக்கூடாது, பட்டால் கெட்டுவிடும்" என்று சொல்லி வீணைக்கு முன்னால் கனமான திரையும் போட்டுவிட்டான். விலையைக் கேட்டுப் பொக்கிஷக்காரருக்கு வியர்த்துவிட்டது.

அன்று கச்சேரி கேட்ட ராஜாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "தந்தியில் நகம் படுவதுகூடக் கேட்கிறது பிரபோ!" என்று உருகினார் சங்கீத மேலாளர் வல்லபர். சபையே ஆமாம் ஆமாம் என்றது.

ஒரே ஒருவனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அரண்மனை விகடன் தாண்டவன். அவன் காதில் விழுந்தது நேற்றைய வீணைதான். கம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான், அதே வீணை. தூணுக்குப் பின்னால் போய் நின்றான், அதே வீணை. நமக்குத்தான் காது போய்விட்டதோ என்று பயந்துபோய்ச் சுண்டுவிரலை விட்டுக் குடைந்து பார்த்தான். குடைந்த வலிதான் மிச்சம். வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் ஆயிற்றே, சபை நடுவில் கேட்டே விட்டான்: "மகாராஜா, இது கம்பியா, கதையா?"

வல்லபர் இதற்காகத்தானே வருஷக்கணக்காகக் காத்திருந்தார்! "கேட்டீர்களா பிரபோ? தங்கள் திருச்செவி பொய் சொல்கிறது என்கிறான்!"

ராஜாவின் முகம் சிவந்தது. "தாண்டவா, நாளை மாலைக்குள் இது கதைதான் என்று நிரூபி. இல்லாவிட்டால் கேட்கத் தெரியாத அந்தக் காதுகள் உனக்கு எதற்கு? அறுத்துவிடச் சொல்கிறேன்."

"நிபந்தனையும் வேண்டும் பிரபோ" என்றார் வல்லபர். "இவன் கம்பியைத் தொடக்கூடாது. திரையை விலக்கக்கூடாது. தீர்ப்புச் சொல்வதும் தங்கள் செவிதான், வேறு சாட்சி கூடாது."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. கம்பிக்கு இரண்டு காவலர்கள் வேறு.

மறுநாள் பொழுது விடிந்ததிலிருந்து தாண்டவன் அரண்மனைக்குள் கால் போன போக்கில் சுற்றினான். பலகாரத்தைத் தொடவில்லை. நொடிக்கொரு தரம் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டான். கம்பியைத் தொடக்கூடாது, திரையை விலக்கக்கூடாது, ராஜாவின் காதே ராஜாவின் காதுக்கு விரோதமாகச் சாட்சி சொல்ல வேண்டும்! சமையற்கட்டு வாசலில் சட்டென்று நின்றான். அங்கிருந்து நேரே பத்மாசனி அம்மாளிடம் ஓடினான்.

"அம்மா, நீங்க மனசு வச்சாத்தான் என் காது மிஞ்சும்."

"நான் என்னப்பா செய்யணும்?"

"ஒண்ணுமில்லம்மா. நாலு அடி தள்ளி உக்காந்து வாசிக்கணும். அவ்வளவுதான்."

அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் கம்பிக்காரன் வந்ததுலேருந்து என் விரலை ஒருத்தரும் பேசல, எல்லாரும் கம்பியைத்தான் பேசறாங்க. நாலென்ன, எட்டு அடி தள்ளியே உக்காந்துக்கறேன்."

மாலையில் சபை கூடியது. திரைக்குப் பின்னால் வீணை ஒலித்தது. ராஜா அசையாமல் கேட்டார். முடிந்ததும் நெஞ்சில் கை வைத்தார். "நேற்றைவிட இன்று ஒரு படி மேல்!"

"கம்பி பழகப் பழக நாதம் கனியும் மகாராஜா" என்றான் மகரந்தன்.

தாண்டவன் எழுந்தான். "ஐயா வியாபாரியாரே, இன்று கேட்டது முழுக்கக் கம்பி வழியாகத்தான் வந்ததா?"

"முழுக்க."

"காற்று வழியே கொஞ்சமாவது?"

"துளியும் இல்லை."

"சங்கீத மேலாளர் என்ன சொல்கிறார்?"

"சத்தியமாகக் கம்பிதான்" என்றார் வல்லபர்.

"மகாராஜா, அடியேன் கம்பியைத் தொடவில்லை. வேண்டுமானால் காவலர்களைக் கேளுங்கள். திரையையும் நான் விலக்கக்கூடாது. தாங்களே விலக்கிப் பார்க்க வேண்டும்."

ராஜா எழுந்து போய்த் திரையை இழுத்தார். சந்தனப் பலகையின் மேல், கம்பி முடுக்கியபடியே இருக்க, பின்வாசல் வழியாக வந்த சமையற்கட்டு அம்மிக்கல் உட்கார்ந்திருந்தது. எட்டு அடி தள்ளி ஜன்னலோரத்தில் பத்மாசனி அம்மாள் வீணையோடு இருந்தார்.

"அம்மி எவ்வளவு சுத்தமாகப் பாடியது, கேட்டீர்களா மகாராஜா!" என்றான் தாண்டவன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜாவின் கை வாளின் பிடிக்குப் போயிற்று. "அப்படியானால் நான் கேட்டது பொய்யா? சபை நடுவில் என்னை முட்டாளாக்கவா இந்த வேலை செய்தாய்?"

தாண்டவனுக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. இனி மறைத்து என்ன பயன் என்று மனதில் பட்டதைச் சொல்லிவிட்டான். "கேட்டது மெய், மகாராஜா. முன்பெல்லாம்தான் தாங்கள் கேட்கவே இல்லை. கம்பி வந்த பிறகு வெற்றிலைக்குக் கை நீட்டினீர்களா? தளபதியைக் கூப்பிட்டீர்களா? இவ்வளவு கொட்டிக் கொடுத்தோமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். அம்மாள் எப்போதும் வாசிக்கிற வீணைதான் அது. இப்போதுதான் தங்கள் காதில் விழுந்தது."

ராஜா பத்மாசனி அம்மாளைப் பார்த்தார். அம்மாள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. ராஜாவின் உதடு துடித்தது, மீசை ஆடியது, கடைசியில் வெடித்துச் சிரித்துவிட்டார். "தளபதியாரே, இனிமேல் வீணை வாசிக்கும்போது நான் கூப்பிட்டாலும் வராதீர்!"

மகரந்தன் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான்.

"எங்கே போகிறீர்? இன்று நீர் நம் விருந்தாளி. வல்லபரும் உம்மோடு சாப்பிடட்டும்" என்றார் ராஜா. "யாரங்கே! இருவருக்கும் விருந்தைக் கம்பி வழியாகவே பரிமாறுங்கள்."

இருவரும் கம்பியின் நுனியில் இலை போட்டுக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பசி தாங்காமல் மகரந்தன் வாங்கியதை எல்லாம் பொக்கிஷத்தில் திருப்பிக் கொட்டிவிட்டு ஊரை விட்டே ஓடினான்.

ராஜா தாண்டவனை அருகே அழைத்து, தன் காதிலிருந்த வைரக் கடுக்கன்களைக் கழற்றி, பிழைத்துக்கொண்ட அந்தக் காதுகளில் தன் கையாலேயே போட்டுவிட்டார்.

"எப்படி இருக்கிறது தாண்டவா?"

தாண்டவன் கண்ணை மூடித் தலையை ஒரு பக்கம் சாய்த்தான். "அடடா! இத்தனை நாளாகத் தங்கள் குரல் கொஞ்சம் மங்கலாகத்தான் கேட்டது மகாராஜா. இந்த வைரத்தைப் போட்டதும் ஒவ்வொரு சொல்லும் மணி மணியாகக் கேட்கிறது!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்தக் கம்பியும் இல்லாமலே குதிரை லாயம் வரை கேட்டதாம்.