வயிறு வைத்த சுருட்டு

அந்தக் காலத்தில் கொள்ளிடக் கரையில் பேசாத பிராணி கிடையாது. நாரை ஊர்வம்பு பேசும், தவளை மழைக்கணக்குச் சொல்லும், முதலை தன் நியாயத்தைப் பேசும். சுருட்டு மட்டும் அப்போது இப்போதிருப்பது போல இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே பருமனாக, மூங்கில் குச்சி மாதிரி இருந்தது.

அந்தச் சுருட்டைச் சுற்றுவதில் கெட்டிக்காரி பவளாயி. அவள் புருஷன் நல்லேந்திரன் ஓடக்காரன். அவனுக்கும் முதலைக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. தண்ணீருக்கு மேலே நெருப்பு நிற்பதை முதலை வேறெங்கும் பார்த்ததில்லை. அது சாமி காரியம் என்று நம்பியது. ஆகவே ஓடத்தில் சுருட்டு கனிந்துகொண்டிருக்கும் வரை அது கிட்டே வராது. அணைந்துவிட்டால் ஓடக்காரன் அதற்கு. அக்கரை போய்ச் சேர ஒரே ஒரு சுருட்டுதான். ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பற்றவைத்தால் கள்ளாட்டம். இந்த விஷயத்தில் முதலை மகா கறார்.

கோடையில் சிக்கலே இல்லை. பாதிச் சுருட்டிலேயே அக்கரை வந்துவிடும். அந்த வருஷம் ஆடியில் வந்த வெள்ளமோ ஆற்றை இரண்டு மடங்கு அகலமாக்கிவிட்டது. நல்லேந்திரன் ஓடத்தைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டான். அந்த நேரம் பார்த்து ஒரு நீர்க்காகம் அக்கரையிலிருந்து பறந்து வந்தது.

"பவளாயி, ஒம் மவ குஞ்சம்மாவுக்கு வயிறு எறங்கிருச்சு. ரெண்டு நாள் தாங்குனா பெருசு."

குஞ்சம்மா முதல் பிரசவத்திலேயே செத்துப் பிழைத்தவள். இப்போது இருப்பதோ மாமியார் இல்லாத வீடு. பவளாயி புருஷனிடம் ஓடினாள்.

"ஏங்க, போயே ஆவணும்."

"நடு ஆத்துல நெருப்பு அணைஞ்சா என்னைய முதலை தின்னும், ஒன்னைய வெள்ளம் தின்னும். அப்புறம் மவளை யாரு பாக்குறது?" என்றான் நல்லேந்திரன். "ரெண்டு மடங்கு நேரம் நிக்கிற சுருட்டு ஒண்ணு சுத்திக் குடு. இப்பவே போவலாம்."

கவிழ்த்த ஓடத்தின் மேல் உட்கார்ந்து பவளாயி சுற்ற ஆரம்பித்தாள். முதலில் முழநீளத்துக்கு ஒன்று சுற்றித் தானே பற்றவைத்தாள். கன்னம் ஒட்ட இழுத்தும் புகை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அணைந்தே போயிற்று. அடுத்ததை ஒல்லியாகச் சுற்றினாள். அது சரசரவென்று எரிந்து நாக்கைப் பொசுக்கியது. மூன்றாவதை மணிக்கட்டுப் பருமனுக்குச் சுற்றினாள். பற்றவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஆனால் பற்றிய பிறகு நின்று எரிந்தது, புகையும் சூடில்லாமல் வந்தது. வாய்தான் கொள்ளவில்லை. துடுப்புப் போடுகிறவனுக்கு இரண்டு கையும் வேலை; சுருட்டைப் பல்லால்தான் பிடித்தாக வேண்டும். இதைக் கடித்தால் தாடை கழன்றுவிடும்.

அத்தனை கவலையிலும் அவளுக்கு ஒரு குறுகுறுப்பு. அதே இலை, அதே கை, அதே வாய். வடிவம் மாறினால் புகை ஏன் மாற வேண்டும்?

யோசித்தபடி நடந்தவள் வரப்பில் கிடந்த சாரைப்பாம்பை மிதிக்கப் பார்த்தாள். எலியை விழுங்கிவிட்டு, நடுவில் உப்பிக்கொண்டு அது படுத்திருந்தது.

"ஏண்ணே, நேத்துலேருந்து இங்கயேதான் கெடக்குறீங்களா?"

"இரை நடுவுல நிக்குது தாயி. அது கரையிற வரைக்கும் எனக்கென்ன அவசரம்?"

பவளாயி குனிந்து பார்த்தாள். தலை சின்னது. வாலும் சின்னது. சரக்கெல்லாம் நடுவில்.

"அப்படிப் பாக்காத, செரிக்காது" என்று கூச்சப்பட்டது பாம்பு.

அதற்குள் அவள் ஓட்டமாக ஓடிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஓடம் இறங்கியது. நல்லேந்திரன் பல்லிடுக்கில் வாய்ப்பக்கம் ஒடுங்கி, நடுவில் பருத்து, முனை கூம்பிய ஒரு சுருட்டு. கூம்பிய முனை தொட்டதும் பற்றிக்கொண்டது. முதலை சற்று எட்டியே கூட நீந்தி வந்தது.

"நல்லேந்திரா, கால்வாசி ஆறுகூடத் தாண்டல, முனை கரைஞ்சுபோச்சே! சொல்லிட்டேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது."

நெருப்பு வயிற்றுக்கு வந்தது. வந்த இடத்தில் நிதானித்தது. முதலை காத்திருந்தது, காத்திருந்தது, இரண்டு தடவை கொட்டாவியும் விட்டது. பாதி ஆறு கடந்தது, முக்கால் ஆறும் வந்தது. அங்கே ஒரு சுழல் ஓடத்தைப் பிடித்துக்கொண்டது. நல்லேந்திரன் உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டான். மூச்சு முட்டியது, சுருட்டை இழுக்க மூச்சுக்கு எங்கே போவான்? கங்கு மேல் சாம்பல் மூடி, சிவப்பு மங்கியது. முதலை ஓடத்தை உரசியது.

பவளாயி எட்டி, அவன் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கித் தன் வாயில் வைத்து இழுத்தாள். கங்கு சிவந்தது. வாய் நிறையப் புகை வந்தது. சுடவில்லை, நெருடவில்லை, வெல்லப்பாகு காய்ச்சும் வீட்டு வாசலில் நிற்பது போல இருந்தது. 'ஓகோ, நெருப்புக்கும் நாக்குக்கும் நடுவுல எடம் இருந்தா புகை ஆறி வருது' என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. முதலை வாயருகே என்ன ஞானோதயம் என்று கேட்காதீர்கள், அவள் அப்படித்தான்.

முதலை சாப்பாட்டை மறந்து மூக்கை உயர்த்தியது.

"எப்பவும் காரமால்ல அடிக்கும்! இன்னிக்கு என்ன பண்ணுன?"

"வயிறு வெச்சேன்."

கரை தட்டியபோது சுருட்டில் விரற்கடை அளவே மிச்சம். முதலையும் கூடவே மணலில் ஏறி வந்தது.

"பவளாயி, எனக்கும் ஒரு இழுப்பு குடேன்."

"ஒங்களுக்குத்தான் உதடே இல்லையே, எதால இழுப்பீங்க? ஒங்க வாய்க்குன்னு தனி வடிவம் சுத்தணும். அளவெடுக்கணும்."

"எடு."

"வாயத் தொறந்து வையுங்க, மூடிராதீங்க. மவளைப் பாத்துட்டு வந்து எடுக்குறேன்." மனசார நினைத்துத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ஓடினாள்.

பிள்ளை குறுக்கே கிடந்தது. எண்ணெய் தொட்டு, நீவி நீவி, பொழுது சாயும் நேரத்தில் பவளாயி அதைத் திருப்பி வெளியே எடுத்தாள். பெண் குழந்தை. குஞ்சம்மா கண் திறந்து, "அம்மா, எப்படி வந்த?" என்று கேட்டாள். பவளாயி குழந்தையை அவள் பக்கத்தில் கிடத்திவிட்டு அழுதாள். அப்புறம் பத்தியச் சோறு, குழந்தைக் குளியல், மருந்து இடிப்பது என்று நாள் போனதே தெரியவில்லை. பதினாறாம் நாள்தான், "அடி ஆத்தி, வாயத் தொறந்து வைக்கச் சொன்னேனே!" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டு அளவு நூலோடு ஆற்றுக்கு ஓடினாள். வாய் திறந்தபடியேதான் இருந்தது. அதிலிருந்த பற்களைப் பார்த்தாள். நூலைப் பிடித்த கை நீளவில்லை. வெட்கத்தோடு திரும்பி வந்துவிட்டாள்.

அன்று முதல்தான் சுருட்டு இரு முனையும் ஒடுங்கி நடுவில் வயிறு வைத்துக்கொண்டது. முதலையும், யாராவது அளவெடுக்க வருவார்கள் என்று, மணல்திட்டில் வாயைப் பிளந்தபடி கிடக்கிறது.