மகாராஜாவின் இரண்டு கைப்பிடிகள்

முன்னொரு காலத்தில், தன் சபைக் கதவைத் தானே திறக்க ஆசைப்பட்ட ராஜா ஒருவர் இருந்தார். “சேவகன் திறந்தால் அது அவன் சபை. இனி என் இரு கைகளாலும் நானே திறப்பேன். அழகான இரும்புக் கைப்பிடிகள் வேண்டும்!”

“நான் அடித்துத் தருகிறேன், அரசே,” என்றான் சபை விகடன் வடமலை. கொல்லர் பட்டறையில் பிறந்தவன் அவன். ராஜாவின் இரு கைகளையும் ஈரக் களிமண்ணில் பதித்துக்கொண்டான். அரிவாள் அடித்தாலும், பிடிக்கிற கையைப் பார்க்காமல் அவர்கள் வீட்டில் இரும்பை உலையில் வைப்பதில்லை.

மந்திரி அனந்தநாதருக்கு வயிறு எரிந்தது. “கைவேலை ஒன்று போல் ஒன்று வராது, பிரபு. இரண்டும் தங்கள் திருக்கரங்களைப் போலப் பேதமின்றி இருக்க வேண்டும். தவறினால் இந்தக் கரிமூஞ்சி சபையை விட்டே போகட்டும்!”

“அப்படியே ஆகட்டும்,” என்றார் ராஜா.

“மந்திரியார் சொன்ன அளவு தப்பாது,” என்று வணங்கினான் வடமலை.

ஏழு நாள் உலை எரிந்தது. அக்கா பூவாயி துருத்தி இழுத்தாள். பழுத்த கம்பியை அவன் முறுக்கினான்; அதில் கொடி படர்ந்தது, இலைகளுக்கு உளியால் நரம்பு ஓடியது.

“ரெண்டும் ஒண்ணா இல்லியேடா தம்பி! துரத்திருவாங்களே!”

“அளவு சொன்னது மந்திரி, அக்கா. நான் அடிக்கிறவன்தானே!”

கதவில் கைப்பிடிகள் ஏறின. மந்திரி நூல் பிடித்து அளந்தார். “வலது பிடி ஒரு நெல் பருமன் கூடுதல்! தோற்றாய்!”

வடமலை களிமண் அச்சுகளை நீட்டினான். “இதையும் அளந்துவிடுங்கள், ஐயா.”

மந்திரி அளந்தார். வாள் பிடித்து அகன்ற வலக்கை, ஒரு நெல் கூடுதல்.

“திருக்கரங்களைப் போலத்தான் செய்தேன். பிசகு என்றால், அரசரின் எந்தக் கையைத் தட்டிச் சரிசெய்யட்டும்? சுத்தியலோடுதான் வந்திருக்கிறேன்.”

மந்திரி நூலைச் சுருட்டி மடியில் செருகினார். ராஜா கைப்பிடிகளைப் பற்றினார். பழகிய நண்பனின் கையைப் பிடித்தது போலிருந்தது. கதவு திறந்தது, கூடவே அவர் சிரிப்பும் வெடித்தது.

“கேள், வடமலை! என்ன வேண்டும்?”

“இதற்குச் சாயம் பூச வேண்டாம், அரசே. சுத்தியல் பட்ட தடம் தெரியட்டும்.”

ராஜா தன் பொற்காப்பைக் கழற்றி அவனுக்குப் பூட்டினார். பட்டறைக் கரி படிந்த அந்தக் கையை அவன் கழுவாமலே நீட்டியிருந்தான்.