சாட்சிக்கு வந்த சேவல்

ஆவுடைநாயகம் அந்த ஊரில் பாதிக் கடைகளுக்குச் சொந்தக்காரர். பக்கத்து வீட்டு எசக்கியம்மாளின் சேவல் கூவிக் கூவித் தன் தூக்கமே போய்விட்டது, மன உளைச்சலுக்கு இரண்டு லட்சம் நஷ்டஈடு வேண்டும் என்று வழக்குப் போட்டார். கொடுக்க வழியில்லாமல் அவள் குடிசையை விட்டுப் போய்விடுவாள் என்பது அவர் கணக்கு.

"சத்தம் எப்படின்னு கோர்ட்டே கேக்கட்டும். சேவலைக் கொண்டு வரச் சொல்லுங்க" என்று போன வாய்தாவில் கேட்டதும் அவருடைய வக்கீல்தான்.

இன்று எசக்கியம்மாள் கோணி போர்த்திய கூடையோடு வந்திருந்தாள். காலையிலிருந்து அவள் பெயரைக் கூப்பிடவில்லை. உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். கூடைக்குள் சேவலுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வழக்கு வந்தது. வக்கீல் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாக நீதிபதி அவள் பக்கம் திரும்பினார். "உங்க சேவல் கூவலைன்னு சொல்றீங்களாம்மா?"

"கூவும் சாமி. ஆனா அவுக முழிக்க மாட்டாக."

"அதை எப்படி நிரூபிப்பீங்க?"

அவள் கோணியை விலக்கினாள். திடீரென்று வெளிச்சத்தைக் கண்ட சேவல், விடிந்துவிட்டதென்று தொண்டை கிழியக் கூவியது. டைப்பிஸ்ட் துள்ளி எழுந்தார். வாசலில் நின்ற போலீஸ்காரர் உள்ளே ஓடி வந்தார். முன்வரிசையில் ஆவுடைநாயகம் மட்டும் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அவரை எழுப்புங்க" என்றார் நீதிபதி.

எசக்கியம்மாள் கூடையை மூடினாள்.

"சேவலால ஆகல சாமி. நீங்க தீர்ப்பைச் சொல்லிப் பாருங்க."